வாசலில் நின்ற பென்ஸ்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
8.7.1984

அன்புள்ள தம்பி வேலாயுதத்துக்கு அத்தான் தம்புசாமி எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா புஷ்பவல்லியும் இருக்கிறோம். லண்டனில் நீயும் மார்க்கிரட்டும் பிள்ளைகளும் நோய் நொடியில்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறோம்.

போன மாதத்தோடு எனக்கு ரயில்வேயில் பென்ஷன் ஆகிவிட்டது. இத்தனை வருஷம் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக் கொடி காட்டிய கார்டுக்கு ஒரு டீ பார்ட்டி வைத்து, சுவர்க் கடிகாரம் ஒன்றையும் கொடுத்து வழியனுப்பினார்கள். கையில் வந்த பணத்தை பேங்கில் போட்டுவிட்டுச் சும்மா இரு என்று கிள்ளானில் இருக்கும் என் அண்ணன் சின்னையா சொன்னார். நான் கேட்கவில்லை. கார் வாங்கிவிட்டேன். நீ சிரிக்கக்கூடாது, பென்ஸ் கார்.

பெட்டாலிங் ஜெயாவில் காலமாகிவிட்ட ஒரு வக்கீலின் வண்டி அது. எழுபத்து நாலாம் வருஷத்துது. கோர்ட்டுக்கு ஒரு சின்னக் காரில் போய்விட்டு, இதைக் கல்யாணம் காட்சிக்கு மட்டும் எடுப்பாராம் மனுஷன். அவர் போனபிறகு அவர் சம்சாரத்துக்கு ஓட்டத் தெரியாததால் துணி போட்டு மூடியே கிடந்திருக்கிறது. பத்து வருஷத்தில் பத்தொன்பதாயிரம் மைல்தான் ஓடியிருக்கிறது. நீ அங்கே பட்டறையில் தினம் ஜெர்மன் கார்களைப் பிரித்துப் போடுகிறவன், நீயே இப்படி ஒன்றைப் பார்த்திருக்க மாட்டாய்.

இந்த வயதில் எதற்கு இது என்று கேட்பாய். அக்காவுக்காகத்தான். சக்கரை வியாதி அவள் கண்ணில் இறங்கிவிட்டது. வலது கண்ணில் ஏற்கெனவே பாதிப் பார்வைதான். இடது கண்ணும் போகும், ஆறு மாதமோ இரண்டு வருஷமோ தன்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது, எதைப் பார்க்க ஆசை என்று கேட்டேன். கோயில் குளம் என்று ஏதாவது சொல்வாள் என்றுதான் நினைத்தேன். அவள் சொன்னாள்: "பினாங்குக்கு எத்தனை தடவை போயிருக்கோம். எல்லாம் நைட் மெயில்தான். வழியில என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது. ஒரு தடவை பகல்ல போகணும்."

நிஜம்தான் தம்பி. நான் ராத்திரி மெயிலுக்குக் கார்டு, அவள் என் ரயில்வே பாஸில் வந்தவள். வடக்கே போகிற பாதை முழுவதையும் அவள் இருட்டாகத்தான் பார்த்திருக்கிறாள். அவளை முன் சீட்டில் உட்காரவைத்து, ரவாங்கிலிருந்து பினாங்குக் கடல் வரைக்கும் நிறுத்தி நிறுத்திக் காட்டப் போகிறேன். வண்டியை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விவரமாக எழுது.

அன்புடன்
தம்புசாமி

தம்பி, அத்தான் துடைக்கிற துடைப்பில் காரின் பெயிண்டு போய்விடும் போலிருக்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் முகத்தைக்கூட அவர் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. - புஷ்பம்


லண்டன்
20.7.1984

அன்புள்ள அத்தானுக்கு வேலாயுதம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அக்காவின் கண்ணைப் பற்றி வாசித்ததிலிருந்து மனசு சரியில்லை. மார்க்கிரட்டிடம் சொன்னேன், அவளும் வருத்தப்பட்டாள். பகலில் போக வேண்டும் என்று கேட்டது அக்காதான், வேறு யாருக்கும் அது தோன்றாது.

இனி காருக்கு வருகிறேன். குறைந்த மைல் என்றதும் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். நான் பயப்படுவதே இந்த மாதிரி வண்டிக்குத்தான். ஓடித் தேய்ந்த வண்டியில் எது போகும் என்று முன்கூட்டியே தெரியும். நின்ற வண்டியில் எது போகும் என்று யாருக்கும் தெரியாது. ரப்பர் எல்லாம் காய்ந்திருக்கும். ரேடியேட்டர் ஹோஸ் நடுவழியில் பிளந்தால் எஞ்சின் வெந்துவிடும். டயரில் கோடு அழியாமல் இருக்கலாம், ஆனால் அதற்கும் வயது பத்து. வேகமாகப் போகும்போது வெடித்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காது. எல்லாவற்றையும் விட பிரேக் எண்ணெய். அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் பெடல் தரையில் போய்ப் படுத்துக்கொள்ளும், வண்டி நிற்காது. ஆகவே முதல் வேலையாக இதையெல்லாம் மாற்றிவிடுங்கள். எஞ்சின் எண்ணெயை மைல் பார்த்து மாற்றாதீர்கள், மாதம் பார்த்து மாற்றுங்கள்.

முக்கியமானது ஒன்று. வாரம் ஒருமுறையாவது வண்டியை வெளியே எடுத்து, நன்றாகச் சூடு பிடிக்கும்வரை ஓட்டுங்கள். வண்டியை நிறுத்தி வைப்பது அதைப் பாதுகாப்பது ஆகாது.

அக்காவுக்கு என் அன்பு.

தங்கள் பிரியமுள்ள
வேலாயுதம்


பிரிக்பீல்ட்ஸ்
12.8.1984

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலம் அறிய ஆவல். உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். பிரேக் விஷயம் இவ்வளவு இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது. அம்பாங்கிலிருந்து நாகையா என்ற மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்து, பிரேக் எண்ணெயும் நாலு டயரும் மாற்றிவிட்டேன். ரப்பர் ஹோஸ்கள் அடுத்த வாரம் வருகின்றன.

ஆனால் வண்டியை ரோட்டில் இறக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டதும் ஆடி பிறந்துவிட்டது. கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி எடுக்காத வண்டியை நான் எப்படி ஓட்டுவது? ஆடியில் யாராவது புதுசாக ஒன்றைத் தொடங்குவார்களா? லண்டனில் இருக்கிறாய், உனக்கு இதெல்லாம் மறந்திருக்கும். ஆவணி மூன்றாவது ஞாயிறு நல்ல நாள் பார்த்து ஐயரிடம் சொல்லியாகிவிட்டது. இன்னும் மூன்று வாரம்தானே.

வண்டி நிற்கக்கூடாது என்று நீ எழுதியதை நான் தட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசலிலேயே எஞ்சினைப் போட்டு அரைமணி நேரம் ஓடவிடுகிறேன். அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்காருவாள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டு டீச்சர் சீதாலெட்சுமி வேலி ஓரமாக வந்து, "என்ன அங்கிள், ஈப்போ வந்திடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகும்.

அன்புடன்
தம்புசாமி

இன்று தஞ்சோங் மாலிம் வரைக்கும் போய்வந்தோம். வழியெல்லாம் எங்கள் வீட்டுச் சுவர்தான். - புஷ்பம்


லண்டன்
27.8.1984

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

அனைவரும் சுகம். தங்கள் கடிதம் பார்த்துச் சிரித்தேன், பிறகு கவலைப்பட்டேன். நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடுவது சும்மா இருப்பதைவிட மோசம். எண்ணெய் சரியாகச் சூடாவதில்லை. சைலன்சர் குழாயில் தண்ணீர் தங்கி உள்ளேயே துருப்பிடிக்கும். பிரேக் ஒரே இடத்தில் கிடந்தால் இறுகிவிடும், பிறகு ஒரு சக்கரம் பிடித்து மற்றது பிடிக்காமல் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். போன வாரம் அப்படி ஒரு வண்டி பள்ளத்தில் இறங்கி என் பட்டறைக்கு வந்தது. ஓட்டியவருக்குக் கை முறிவு.

ஆவணியில் பூசை முடிந்ததும் உடனே கிளம்புங்கள். அதற்குள் மனசு கேட்காவிட்டால் பகல் ரயிலில் ஒருமுறை அக்காவைக் கூட்டிப் போங்கள். ஸ்டேஷன் உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தானே.

அக்கா, சுவரைப் பார்த்து அலுத்திருப்பாய். இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்.

வேலாயுதம்


பிரிக்பீல்ட்ஸ்
7.10.1984

அன்புள்ள தம்பிக்கு,

வருத்தமான சேதியோடு எழுதுகிறேன். ஆகஸ்டு முப்பதாம் தேதி கிள்ளானில் சின்னையா அண்ணன் காலமாகிவிட்டார். காலையில் பாசாருக்குப் போய் மீன் வாங்கி வந்து, நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடித்து இப்போதுதான் வீட்டோடு இருக்கிறேன். அதனால்தான் பதில் தாமதம்.

கோயில் பூசை நின்றுவிட்டது. கூடப் பிறந்த அண்ணன், வருஷத் திவசம் முடியும்வரை நான் எந்த நல்ல காரியமும் தொடங்க முடியாது. இந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளியும் இல்லை, பொங்கலும் இல்லை. கிள்ளானுக்குக்கூட காரியத்துக்கு பஸ்ஸில்தான் போய்வந்தேன். வாசலில் பென்ஸை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறானே என்று சொந்தக்காரர்கள் பேசியது என் காதில் விழுந்தது. பூசை போடாத வண்டியைச் சாவு வீட்டுக்கு எடுத்துப் போகவா முடியும்?

பகல் ரயில் என்று எழுதியிருந்தாய். அக்காவிடம் சொன்னேன். உங்கள் இஷ்டம் என்றாள். வாழ்நாளெல்லாம் ரயில் பாஸில் அழைத்துப் போனவன், சொந்தக் காரை வாங்கி வைத்துக்கொண்டு மறுபடியும் பெஞ்சியில் உட்கார்த்திக் கூட்டிப் போவது எனக்குத்தான் பிடிக்கவில்லை. டாக்டர் இரண்டு வருஷம் என்றும் சொன்னாரே. ஒரு வருஷம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

ஹோஸ் எல்லாம் மாற்றியாகிவிட்டது. நாகையா பிரேக்கை இரண்டு முறை கழற்றிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார். மூன்றாம் முறையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா நலம். முன்பு போலத்தான்.

தம்புசாமி

சின்னையா மாமா போனதில் அத்தான் ரொம்ப உடைந்துபோய்விட்டார். அவரைக் கோபித்து எழுதாதே. - புஷ்பம்


லண்டன்
4.12.1984

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

தங்கள் அண்ணன் மறைவு கேட்டு மிகவும் வருந்துகிறோம். சின்ன வயதில் கிள்ளான் ஆற்றங்கரையில் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கப்பல் காட்டிய மனுஷர். இரங்கல் எழுதவும் இவ்வளவு நாள் கடந்துவிட்டது, மன்னிக்கவும். பட்டறையில் ஆள் குறைவு.

அத்தான், நான் சின்னவன், சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அக்காவின் கண் திவசத்துக்காகக் காத்திருக்காது. சாமி கோபித்துக்கொள்ளாது. மனசு ஒப்பவில்லை என்றால் ஒரு டாக்சி பிடியுங்கள், செலவை நான் அனுப்புகிறேன். அதுவும் வேண்டாமென்றால் நானே சித்திரையில் பதினைந்து நாள் லீவு போட்டு வருகிறேன். பூசை போட்டு வண்டியை எடுப்பது நானாக இருந்தால் தங்களுக்குத் தோஷம் இல்லையே? நான் ஓட்டுகிறேன், அக்கா முன்னால் உட்காரட்டும், தாங்கள் பின்சீட்டில் ராஜா மாதிரி வாருங்கள்.

அக்காவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

வேலாயுதம்


பிரிக்பீல்ட்ஸ்
20.1.1985

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு இருவரும் நலம். நீ சித்திரையில் வருவதாக எழுதியதைப் படித்ததும் வீட்டில் விளக்கு ஏற்றின மாதிரி ஆகிவிட்டது. இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. நீ எங்கள் பங்காளி இல்லை, உனக்கு எந்தத் தீட்டும் இல்லை. ஐயரையும் கேட்டுவிட்டேன், தாராளமாகச் செய்யலாம் என்றார்.

வண்டியில் ஒரு சின்னச் சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது. நாகையாவைக் கூப்பிட்டேன். அவர் கொஞ்சம் சலித்துக்கொண்டு, "அண்ணே, இது கல்லு மாதிரி இருக்கு, இன்னும் என்ன பார்க்கணும்? எடுத்துக்கிட்டுப் போங்க லா" என்றார். நீ வந்து ஒருமுறை பார்த்துவிட்டால் எனக்கு நிம்மதி.

அக்கா உனக்காக இப்போதே ஊறுகாய் போட்டுவிட்டாள். காய் நறுக்கியது மட்டும் சீதாலெட்சுமி. அக்காவுக்கு வயதாகிறதல்லவா, கத்தி பிடிக்க வரவில்லை. அடுப்படியில் வேலையாக இருப்பதால் இந்த முறை அவள் தனியாக எழுதவில்லை. நீ வரும் தேதியை எழுது. சுபாங் விமான நிலையத்துக்கு வந்து அழைத்துக்கொள்கிறோம், பஸ்ஸில்தான்.

அன்புடன்
தம்புசாமி


லண்டன்
2.4.1985

அன்புள்ள அத்தானுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒரு மாதம் தள்ளிப் போட்டுவிட்டேன். பட்டறை இருக்கும் இடத்தைக் கட்டடக்காரர் திருப்பிக் கேட்கிறார். வேறு இடம் பார்த்து மாற்றிக்கொண்டிருக்கிறோம். இந்த நேரத்தில் நான் நகர முடியாது. சித்திரையில் வர இயலவில்லை. தீபாவளிக்குக் கட்டாயம் வருவேன்.

வண்டிக்குத் தேவையான சில ரப்பர் சாமான்களைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இங்கே அசல் சாமான் கிடைக்கிறது. கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் கோந்து மாதிரி பிடித்திருந்தால், வண்டியை முந்துகிற நேரத்தில் எஞ்சின் திணறி நின்றுவிடும், லோரி எதிரே வரும்போது அது ஆபத்து. கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

அக்கா ஏன் இரண்டு வரி எழுதுவதில்லை? என்மேல் கோபமா?

வேலாயுதம்


பிரிக்பீல்ட்ஸ்
9.6.1985

என் அன்புத் தம்பிக்கு,

அக்கா சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு சீதாலெட்சுமி எழுதுகிறது. அத்தான் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். உனக்கும் மார்க்கிரட்டுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். கோபம் எல்லாம் இல்லையடா. எழுத முடியவில்லை, அவ்வளவுதான். வலது கண் தைப்பூசத்தோடு போய்விட்டது. இடது கண்ணில் புகை மூட்டமாக இருக்கிறது. மனுஷர்கள் நடமாடுவது தெரியும், முகம் தெரியாது. உனக்கு எழுத வேண்டாம் என்று நான்தான் அத்தானைக் கேட்டுக்கொண்டேன். அவர் எழுதாமல் இருந்ததற்கு அவர்மேல் வருத்தப்படாதே.

ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஆடி, திவசம் எல்லாம் அவர் பொய்யாகச் சொல்லவில்லை, அவருக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் அது மட்டும் இல்லை. உன் அத்தானுக்குக் கார் ஓட்டப் பயம். லைசென்ஸ் எடுத்து இருபது வருஷம் ஆகிறது, கையில் ஸ்டீயரிங் பிடித்து ஓட்டியது கொஞ்சம்தான். ரயிலில் வண்டியை ஓட்டுகிறவன் முன்னால் இருந்தான், இவர் கடைசிப் பெட்டியில் இருந்தார். பங்குனி முடிந்து ஒரு விடியற்காலை நான் தூங்குகிறேன் என்று நினைத்து வண்டியை வெளியே எடுத்தார். சத்தம் தெரு முனைவரைக்கும் போனது, உடனே திரும்பிவிட்டது. உள்ளே வந்து படுத்தவரின் சட்டையைத் தொட்டேன். தொப்பலாக நனைந்திருந்தது. மழை இல்லை.

நீ கோபித்துக்கொள்ளாதே தம்பி. நீ நல்லதுக்குத்தான் எழுதுகிறாய். ஆனால் பிரேக் பிடிக்காது, டயர் வெடிக்கும், லோரி எதிரே வரும் என்று நீ எழுதுகிற ஒவ்வொரு கடிதத்துக்குப் பிறகும் அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. நாகையாவைக் கூப்பிட்டுக் கழற்றச் சொல்வார். அவர் பயம் எனக்குத் தெரிந்ததை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. மனுஷரின் ஒரே ஆசை, அவர் ஓட்டி நான் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது. டாக்சியில் போகலாம் என்று நான் வாய்விட்டுக் கேட்டிருந்தால் மறுநாளே பிடித்திருப்பார். நான் கேட்கவில்லை. போகலாமா என்று அவரே இன்றைக்குக் கேட்பார், நாளைக்குக் கேட்பார் என்று இருந்துவிட்டேன். என் தப்பும் இருக்கிறது.

இந்தக் கடிதம் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். தீபாவளிக்கு வருவதாக எழுதியிருந்தாய். வா. நீ எப்படி இருக்கிறாய் என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா
புஷ்பம்


லண்டன்
25.6.1985

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

நலம். இந்தக் கடிதம் சுருக்கமாகத்தான் இருக்கும். நாகையா செய்திருக்கும் வேலையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் தங்கள் வண்டியில் இனிச் செய்ய ஒன்றும் இல்லை. நான் இதுவரை எழுதியதெல்லாம் வேலைக்காரப் புத்தி, எதைப் பார்த்தாலும் கோளாறுதான் கண்ணில் படும். என் கையில் வருகிற வண்டிகள் ஏற்கெனவே கெட்டவை. கெடாத வண்டியை நான் பார்ப்பதே இல்லை. தங்களுடையது அப்படி ஒன்று. தைரியமாக எடுங்கள். அது தானாகவே போகும், அவ்வளவு நல்ல வண்டி. மெதுவாகப் போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

திவசம்வரை வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே எடுங்கள். தயவுசெய்து.

வேலாயுதம்


பிரிக்பீல்ட்ஸ்
6.10.1985

அன்புள்ள தம்பி வேலாயுதத்துக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். பிள்ளைகள் படிப்பு, மார்க்கிரட்டின் முதுகுவலி எல்லாம் எப்படி இருக்கிறது? அன்றைக்கே எடு என்று நீ எழுதினாய். நான் எடுக்கவில்லை. இவ்வளவு நாள் காத்தாகிவிட்டது, இன்னும் இரண்டு மாதம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திதிப்படி போன மாதம் பதினெட்டாம் தேதி அண்ணன் திவசம் முடிந்தது. அடுத்த நல்ல நாளில் கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றி எடுத்தேன். இப்போது அக்காவுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரிகிறது. பினாங்குவரை வேண்டாம், பாதி வழி, ஈப்போ போதும் என்று அவளே சொல்லிவிட்டாள். பச்சை நிறப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எனக்குப் பயம் இருந்தது. ஒரு வருஷமாக இருந்தது. ரவாங் தாண்டுகிறவரைக்கும் பின்னால் வருகிறவனெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை. வண்டி நீ எழுதின மாதிரி தானாகவே போயிற்று. தஞ்சோங் மாலிமில் டீ குடிக்க இறங்கும்போது எனக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவுதானா? இதற்காகவா ஒரு வருஷம்? அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை தம்பி.

வழியில் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். "இந்தப் பக்கம் என்ன?" ரப்பர் காடு என்பேன். "அந்தப் பக்கம்?" அதுவும் ரப்பர்தான் என்பேன். ஓட்டும்போது எனக்குத் தார் ரோட்டைத் தவிர ஒன்றும் பார்க்க வராது. அதனால் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை ஓரமாக நிறுத்தி, இறங்கி நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னேன். பீடோரில் கொய்யா விற்கிற கடைகள், மஞ்சள் குடை பிடித்த ஒரு சீனப் பாட்டி, ஈயம் எடுத்துவிட்டுப் போட்ட குட்டை, அதில் வானம். எனக்கு வர்ணிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். குட்டை என்றால் எவ்வளவு பெரிசு, தண்ணி என்ன கலர் என்று அவளே பிடித்துப் பிடித்துக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கோப்பெங் தாண்டியதும் கல்மலைகள் வந்தன. பட்டப்பகல், வெயில் நேரே அடிக்கிறது. வெள்ளைக் கல், நடுவில் கறுப்புக் கோடுகள், உச்சியிலெல்லாம் மரம் முளைத்திருக்கிறது. இத்தனை வருஷம் ராத்திரியில் அந்த மலைகளுக்கு அடியில்தான் போய்வந்திருக்கிறேன், நானும் சரியாகப் பார்த்ததில்லை. வண்டியை நிறுத்தி அவள் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். மலை வெளிச்சமாகத் தெரிகிறதா என்று கேட்டேன். சூடாகத் தெரிகிறது என்றாள்.

அப்புறம் சொன்னாள்: "போன வருஷம் வந்திருந்தா நானே பார்த்திருப்பேன்ல."

கோபமாகச் சொல்லவில்லை. காப்பிக்குச் சக்கரை போட்டாச்சா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். அவள் என்னிடம் குறை என்று சொன்ன ஒரே வார்த்தை அதுதான். வண்டியை எடுத்தேன். ஈப்போவில் அவள் நன்றாகச் சாப்பிட்டாள். திரும்பி வருகிற வழியில் எதையும் கேட்கவில்லை, தூங்கிவிட்டாள். தூங்கியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

தீபாவளிக்கு நீ வருவதாகச் சொன்னதை அவள் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். இந்த முறை மாற்றிவிடாதே. அதுவரை கடிதம் எழுதினால் பிள்ளைகளைப் பற்றி எழுது, உன் பட்டறை எங்கே வந்தது என்று எழுது, நீ என்ன சமைத்தாய் என்றுகூட எழுது. காரைப் பற்றி மட்டும் ஒரு வரியும் எழுதாதே. இப்போது உன் கடிதங்களை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

உன் அத்தான்
தம்புசாமி